பீப்பாய்ப் புகையடுப்பு நமக்கு உதவுமா?

ஒகேனக்கல் என்னும் பெயர் கன்னட பாஷையில் 'புகையும் பாறை' எனப் பொருள்படும். காவிரி பாறைகளின்மீது விழுந்து சிதறுங்கால் எழும் நீர்த்திவலைகள், தூரத்திலிருந்து நோக்குவார்க்குப் புகை போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்ததென்பர். பென்னாகரம் தாலுகாவுக்குப் பெருமையளிக்கும் இவ்விடத்திலே, பிரயாணிகள் வாங்கிக் கொடுக்கும் மீனை அங்கேயே வறுத்தும் குழம்பு வைத்தும் கொடுத்து ஜீவிக்கும் ஸ்திரீகள் பலர். 1934-ஆம் வருஷத்தில் மேட்டூர் அணை கட்டி முடிந்த பின்னர், அதன் நீர்த்தேக்கத்தையொட்டிய நாகமரை, ஒட்டனூர் முதலிய கிராமங்களிலும் மீன்பிடித்தல் ஒரு தொழிலாக நிலைபெற்றிருக்கிறது.

ஆயினும் மீன் காத்திராத பண்டம். நெல்லைக் குதிரில் வைக்கலாம். புளியைப் பானையில் அடைக்கலாம். கேழ்வரகோ ஆண்டுக்கணக்கில் கெடாது. மீனோ நம் ஜில்லாவின் வெப்பத்தில் காலையிற் பிடித்தது மாலைக்குள் நிறம் மாறத் தொடங்கும். விடுமுறை நாட்களில் பிரயாணிகள் திரண்டு வருவர். மற்ற நாட்களில் கடைவீதி வெறிச்சோடும். காவிரியில் வெள்ளம் பெருகும் காலங்களிலே பரிசல் ஓட்டமும் நீராடலும் தடை செய்யப்படுவதால், வருவார் தொகை முற்றிலும் சுருங்கும். அந்தி சாயுமுன் விற்றாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் விற்பவருக்கே உண்டு, வாங்குபவருக்கு இல்லை. ஆகவே விலையை நிர்ணயிப்பவர் வாங்குபவரேயாவர். மீன்பிடிப்பவரின் உழைப்பில் ஒரு பகுதி நாள்தோறும் இவ்வாறு பிறர் கைக்குப் போகிறது. இதனைத் தடுக்க வழியுண்டா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

இரும்புத் தகட்டுப் பீப்பாயை, அதாவது ஜனங்கள் 'டிரம்' என்று வழங்குவதை, புகையடுப்பாக மாற்றி அதில் இறைச்சியும் மீனும் பதனிடும் வழக்கம் பல தேசங்களில் பரவியிருக்கிறது. இத்தகைய இரும்புப் பீப்பாய் முதன்முதல் 1905-ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது எண்ணெய் நிரப்பிய பீப்பாய்கள் பல தேசங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. எண்ணெய் தீர்ந்த பின் வெறும் பீப்பாயை எறிய மனமின்றி, ஒருவர் தண்ணீர்த் தொட்டியாக்கினார், ஒருவர் அடுப்பாக்கினார். நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய் ஏறத்தாழ 3 அடி உயரமும் 2 அடிக்குச் சற்றுக் குறைந்த விட்டமும் உடையது. இதனை வாங்கி ஒரு நாள் உழைத்தால் புகையடுப்பு ஆயிற்று என்று எண்ணுவார் பலர். அவ்வெண்ணம் பாதி சரி, பாதி ஆபத்தானது. பீப்பாய்ப் புகையடுப்பு நம் தாலுகாவுக்கு உதவும், ஆனால் மூன்று நிபந்தனைகளின் பேரிலேயே உதவும் என்பது எமது அபிப்பிராயம்.

வெயிலும் உப்பும் இருக்கப் புகை எதற்கு?

முதலில் இவ்வாட்சேபத்திற்கு விடை கூறுவோம். உப்புக்கண்டமும் கருவாடும் நம்மவர் நெடுங்காலமாக அறிந்தவை. நல்ல வெயில் இருக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் அவற்றை விடச் சிக்கனமான முறை வேறில்லை. அக்காலத்தில் விறகைச் செலவிட்டுப் புகையூட்டுவது வீண். ஆனால் நம் ஜில்லாவில் ஆவணி முதல் ஐப்பசி வரை மழையும் மேகமும் மிகுதி. அப்பொழுது வெளியில் பரப்பிய மீன் உலர்வதற்கு முன் ஈ மொய்த்துப் புழு வைக்கும். மழை வந்தால் வாரி எடுப்பதும் மறுபடி பரப்புவதுமாக இரண்டு நாள் கழியும்; மூன்றாம் நாள் நாற்றம் எழும். புகையடுப்போ மழையிலும் இரவிலும் உலர்த்தும். புகை இருக்குமிடத்தில் ஈ அணுகாது. ஆகவே புகை வெயிலுக்குப் போட்டியன்று. வெயில் இல்லாத காலத்துத் துணையாகும்.

புகையின் சுவை நமக்கு அந்நியமென்பாரும் உளர். மாசிக்கருவாட்டை அவர்கள் நினைவு கூர்வார்களாக. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திச் செய்யப்படும் இப்பண்டம் மாலத்தீவிலிருந்தும் லக்ஷத்தீவிலிருந்தும் வந்து, இலங்கைத் தமிழர் சமையலிலும் நம் தென்கரைச் சமையலிலும் இடம் பெற்றுவிட்டது. கடல் மீனுக்குப் பொருந்திய முறை ஆற்று மீனுக்கும் பொருந்தாமற் போகக் காரணமில்லை.

முதல் நிபந்தனை: பீப்பாயின் பூர்வ சரித்திரம்

மாடு வாங்குகிறவன் சுழி பார்க்கிறான், பல் பார்க்கிறான். பீப்பாய் வாங்குகிறவனோ அடியில் ஓட்டை உண்டா என்று மட்டும் பார்க்கிறான். அதில் முன்பு இருந்தது யாது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பூச்சிமருந்து, சாயம், வர்ணம், கரைப்பான், இரசாயன திராவகம் ஆகியவை இருந்த பீப்பாயை எவ்வளவு கழுவினாலும் உணவுத் தொழிலுக்கு உபயோகிக்கலாகாது. தகட்டின் மடிப்புகளிலும் துருவின் துளைகளிலும் தங்கிய நஞ்சு, சூடேறும்போது ஆவியாகி உணவிற் படியும். கடைக்காரர் நிச்சயமாகச் சொல்லக் கூடாத பீப்பாய் எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுவதே விவேகம். சமையல் எண்ணெய், வெல்லப்பாகு, பழக்கூழ் ஆகியவை இருந்தவை தகுதியானவை. நம் அண்டை ஜில்லாவாகிய கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள் பல உள. அங்கே கூழைக் கிருமி நீக்கிய பைகளில் நிரப்பி, அப்பைகளை இரும்புப் பீப்பாய்களில் வைத்து அனுப்புவதால், கூழும் இரும்பைத் தொடுவதில்லை. அவ்வகைப் பீப்பாய் கிட்டுமாயின் அதுவே உத்தமம்.

துத்தநாக முலாம் பூசியவற்றை அடுப்பாக்கலாகாது. கடுஞ்சூட்டில் துத்தநாகப் புகை எழும். அதைச் சுவாசிப்பவருக்குக் குளிர்க்காய்ச்சல் காணும். கோழிக்கூட்டுக்கு உபயோகிக்கும் கம்பி வலையும் பெரும்பாலும் துத்தநாகம் பூசியதே என்பதைப் பலர் மறந்து, அதனையே மீன் பரப்பும் தட்டாக்கிவிடுகின்றனர். எவர்சில்வர் கம்பி வலையோ, முலாமற்ற இரும்புக் கம்பியோ, அல்லது நம் ஊரில் எளிதிற் கிடைக்கும் மூங்கிற் குச்சியோ தட்டுக்கு உகந்தது.

தகுதியான பீப்பாயையும் முதலில் சுத்தி செய்ய வேண்டும். உள்ளே பூச்சு இருக்குமாயின், மேல்மூடியை நீக்கி, வீடுகளுக்கும் வைக்கோற் போர்களுக்கும் தூரமான வெட்டவெளியில் அதனுள் பெருந்தீ மூட்டிப் பூச்சு முழுவதும் எரிந்து உதிரச் செய்து, மணலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்துக் கழுவி, சமையல் எண்ணெய் தடவி மறுபடி சூடேற்றுக. இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். எண்ணெயோ பெட்ரோலோ இருந்த மூடிய பீப்பாயை வாயுச் சுடரால் வெட்டப் புகுவது உயிருக்கு உலை வைப்பதாகும். உள்ளே எஞ்சிய ஆவி தீப்பற்றினால் பீப்பாய் வெடிகுண்டாகிவிடும். கைதேர்ந்த தொழிலாளரும் இவ்விதம் பல தேசங்களில் மாண்டிருக்கின்றனர். உளியாலும் சுத்தியலாலும் வெட்டுவது தாமதமேயெனினும் வாயுச் சுடரினும் ஆபத்துக் குறைந்தது. மூடியுள்ள பீப்பாயை வெட்டித் தருமாறு பட்டறைக்காரரை வற்புறுத்தவும் வேண்டாம்.

இரண்டாம் நிபந்தனை: தீ வேறு, மீன் வேறு

பீப்பாய் அடுப்பில் நெடுங்கால அநுபவமுடையவர் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைப் பெண்களே. அவர்கள் பீப்பாயின் அடியில் தீ மூட்டி, நேர் மேலே மீனை வைத்துப் புகையூட்டி வந்தனர். விறகு அதிகம் செலவாயிற்று. கீழ்த்தட்டு கருகியது, மேல்தட்டு வேகவில்லை. மீனைப் புரட்டும் கைகள் வெந்தன. கண்களும் நெஞ்சும் புகையால் வருந்தின. கானா தேசத்தில் அக்ரா நகரின் அருகிலுள்ள சோர்க்கர் என்னும் மீனவர் கிராமத்தில், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் துணையுடன், அடுக்குத் தட்டுகள் கொண்ட நீள்சதுர மண்ணடுப்பு ஒன்று அப்பெண்களின் அநுபவத்தையே கொண்டு வகுக்கப்பட்டது. பின்னர் 2008-ஐ ஒட்டி ஸெனகால் தேசத்தில், எரிவதையும் புகையூட்டுவதையும் பிரித்து, கொழுப்பு தீயில் சொட்டாதபடி தடுக்கும் திருத்தமும் செய்யப்பட்டது. பீப்பாயில் தொடங்கிய அவர்கள் நாற்பது ஆண்டுகளில் கற்ற பாடத்தை நாம் முதல் நாளிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

அப்பாடத்தின் காரணம் பின்வருமாறு. விறகு குறைவான காற்றில் எரியும்போதும், இறைச்சியின் கொழுப்பு தணலில் சொட்டும்போதும் எழும் கரிப்புகையில், பென்ஸோபைரீன் முதலிய புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் உண்டாகின்றன. ஐரோப்பிய தேசங்களில் புகையூட்டிய இறைச்சியும் பெரும்பாலான மீன்வகைகளும் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் பென்ஸோபைரீன் கொண்டிருத்தல் கூடாதென 2014 செப்டம்பர் முதல் சட்டம் இருக்கிறது. இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்ணாலும் நாவாலும் அறிய இயலாது. ஆகவே அடுப்பின் அமைப்பிலேயே பாதுகாப்பு இருத்தல் வேண்டும்.

நம் தாலுகாவின் சரிவான கல்நிலம் இதற்கு மிகவும் அநுகூலமானது. சரிவின் கீழ்ப்புறத்தில் ஒரு குழி தோண்டித் தீ மூட்டுக. அங்கிருந்து மேல்நோக்கி மூன்று நான்கு அடி நீளத்திற்கு ஒரு கால்வாய் வெட்டி, தட்டைக் கல்லால் மூடி, மண் பூசுக. கால்வாயின் மேல்முனையில் அடியில் துளையிட்ட பீப்பாயை நிறுத்துக. உள்ளே ஓரடி உயரத்தில் கொழுப்பைத் தாங்கும் தகடு ஒன்றும், அதற்குமேல் மூன்று தட்டுகளும் அமைத்து, மேல்வாயை ஈரச்சாக்கால் தளர மூடுக. குழியின் வாயை ஓர் ஓட்டினால் மறைத்தும் திறந்தும் தீயை அடக்கலாம். கால்வாயில் வரும்போதே புகையிலுள்ள கரியும் தாரும் பெரும்பாலும் மண்ணிலும் கல்லிலும் படிந்துவிடும்.

விறகு விஷயத்திலும் கவனம் தேவை. மாமரக் கிளை, புளிய விறகு, கொய்யாக் கிளை, தேங்காய் மட்டை ஆகியவை உலர்ந்திருப்பின் நன்று. வர்ணம் பூசிய பலகை, பிளாஸ்டிக் காகிதம், மண்ணெண்ணெய் நனைத்த துணி முதலியவற்றை எரிக்கலாகாது. அரளி நஞ்சுள்ள செடி. வேலியிலிருந்து வெட்டிய கிளைகளுள் அது கலந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே அடுப்பிலிடுக.

மூன்றாம் நிபந்தனை: உப்பும் உலர்த்தலும்

புகையே மீனைக் கெடாமற் காக்கும் என்பது தவறான எண்ணம். புகை மணமும் நிறமும் தரும். மேற்புறத்துக் கிருமிகளை ஓரளவு தடுக்கும். உள்ளிருக்கும் ஈரத்தைக் குறைப்பது உப்பும் உலர்த்தலுமே. ஈரமுள்ள மீனை மேலே புகைநிறம் ஏறியவுடன் எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைப்பார்களானால், காற்றில்லா இடத்தில் வளரும் போட்டுலினம் என்னும் கிருமி அதில் நஞ்சை உண்டாக்கக் கூடும். அந்நஞ்சு நிறத்தையோ மணத்தையோ மாற்றாமலேயே உயிரைப் போக்க வல்லது.

ஆதலின் முறை இவ்வாறிருக்கட்டும். செவுளும் குடலும் நீக்கி, முதுகோரமாய்ப் பிளந்து, நன்னீரில் கழுவுக. இரண்டொரு நாளில் உண்பதற்காயின், பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான உப்புக் கரைத்த நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தாற் போதும். பல நாள் வைப்பதற்காயின், நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு அடுக்கி ஓர் இரவு வைத்து, மேலுப்பைக் கழுவிவிடுக. பின்பு அடுப்பில் முதல் ஒரு மணி நேரம் 30 முதல் 40 டிகிரி இளஞ்சூடும், அடுத்து 50 டிகிரி அளவும், முடிவில் 80 டிகிரி வரையும் ஏற்றுக. கடைசிச் சூட்டிற்குக் குழியிலுள்ள புகையற்ற தணலை வாரிப் பீப்பாயின் அடியில், கொழுப்புத் தகட்டின் கீழே பரப்பலாம். மீனின் உட்புறம் 63 டிகிரியில் அரை மணி நேரமேனும், கோழியிறைச்சியாயின் 74 டிகிரியும் எய்த வேண்டும். இதைக் கையால் தொட்டுக் கண்டுபிடிப்பது இயலாத காரியம். ஒரு வெப்பமானி வாங்கும் செலவைச் சேமிக்க எண்ணுபவர் அடுப்பே செய்யாதிருத்தல் நலம். ஆட்டிறைச்சியை அரை அங்குலக் கனத்தில் நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, உப்புக்கண்டம் போலவே கோத்துத் தொங்கவிட்டுப் புகையூட்டலாம்.

வேகும் அளவுக்கு மட்டும் புகையூட்டிய மீன் நம் வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளே தாங்கும். கருவாடு போல் கடினமாக உலரும்வரை, பகல் முழுவதுமோ அதற்கு மேலுமோ மென்புகையில் விட்டாலன்றிப் பல வாரம் தாங்காது. இதனை விற்பவர் வாங்குபவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவராவர்.

வரவு செலவு

இனிக் கணக்கைப் பார்ப்போம். சுத்தம் செய்த 10 கிலோ மீனில் நீர் ஏறத்தாழ ஏழரைக் கிலோ. மற்றது இரண்டரைக் கிலோ. அதனை நீர் நான்கில் ஒரு பங்காகும்வரை உலர்த்தினால் மிஞ்சுவது 3⅓ கிலோ. எனவே உலர்ந்த மீன் பச்சை மீனைப்போல் மூன்று மடங்கு விலைக்கு விற்றாலன்றி அசலே கிடைக்காது. உப்பு, விறகு, கூலி ஆகியவை அதற்கு மேலாகும். மூன்று தட்டுள்ள ஒரு பீப்பாயில் தட்டுக்கு 3 கிலோவுக்குச் சற்று அதிகமாகவே பரப்பலாம். ஆகையால் இக்கணக்கு ஏறத்தாழ ஒரு முறை ஏற்றும் கணக்கேயாகும்.

இதிலிருந்து தெளிவாவது என்னவெனில், நல்ல விலைக்கு விற்கும் மீனைப் புகையூட்டுவது மதியீனம். விலை போகாத மீனையும், மாலையில் அடிமாட்டு விலைக்குக் கேட்கப்படும் மீனையும் புகையூட்டுவதே லாபம். இன்னொரு லாபமும் உண்டு; அது கணக்கில் எழுதக் கூடாதது. அடுப்பு பக்கத்தில் இருக்கிறதென்று அறிந்தால், மாலையில் பேரம் பேசுகிறவரிடம், "இவ்விலைக்குக் கொடுக்க மாட்டோம்" என்று சொல்ல விற்பவருக்குத் தைரியம் பிறக்கும். எமது அபிப்பிராயத்தில், புகையூட்டிய மீனை விற்று வரும் பணத்தினும் இத்தைரியமே பெரிது. ஆனால் கெட்டுப்போகத் தொடங்கிய மீனைப் புகையால் மறைத்து விற்க நினைப்பவருக்கு இவ்வடுப்பு ஏற்பட்டதன்று. அடுப்பிற்குப் போவது அன்று பிடித்து நிழலில் வைத்த மீனாகவே இருத்தல் வேண்டும்.

ஊருக்கு ஒன்று

மேற்கூறிய நிபந்தனைகளை நோக்கின், வீட்டுக்கு ஒரு பீப்பாய் என்பதை விட, ஊருக்கு ஒரு நல்ல அடுப்பு என்பதே தகும். பத்து வீட்டார் பத்துப் பீப்பாய் வாங்கினால், அவற்றுள் ஒன்றாவது நஞ்சிருந்ததாக அமையக்கூடும்; வெப்பமானி ஒருவரும் வாங்கார். பத்து வீட்டார் கூடி ஒன்று செய்தால் பீப்பாயைத் தேர்ந்தெடுக்கவும், அடுப்பைக் கவனிக்கவும், கணக்கு வைக்கவும் ஆள் உண்டு. அநுபவம் கூடியபின் பீப்பாயை நீக்கி, செங்கல் அடுப்பாகவும் பெரிதாக்கலாம்.

கூட்டு முயற்சியும் மீன் பதனிடுதலும் நம் நாட்டில் ஒரே காலத்தில் சிந்திக்கப்பட்டவை. மதராஸ் மாகாணத்தில் 1895 முதல் 1897 வரை வெளியிட்ட அறிக்கைகளால் கூட்டுறவு நாணய சங்கங்களுக்கு வழிகோலிய ஸர் பிரெடரிக் நிக்கல்ஸனே, 1905 முதல் மாகாணத்தின் மீன்வளத்தை ஆராய்ந்து மீன் பதனிடும் சோதனைகளையும் நடத்தினார். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசாங்க ஆதரவுடன் முதன்முதல் அமைந்ததும் 1989-ஆம் வருஷத்தில் நம் தருமபுரி ஜில்லாவிலேதான். ஆகவே கூடி உழைக்கும் பழக்கத்தை நாம் வேறெங்கும் சென்று கற்க வேண்டுவதில்லை. ஒகேனக்கலில் மீன் வறுக்கும் ஸ்திரீகளும், நாகமரை, ஒட்டனூர் மீனவர் குடும்பங்களும் குழுவாகக் கூடி ஒரு மாதிரி அடுப்பை அமைத்தல் சாத்தியமானதே. இலாகாக்களும் தம் பங்கைச் செய்தல் வேண்டும்: தகுதியான பீப்பாய் கிடைக்குமிடத்தைத் தெரிவித்தல், முதல் சில ஏற்றங்களின் மாதிரியைப் பரிசோதித்தல், விற்பனைக்கு வேண்டிய உணவுப் பாதுகாப்புப் பதிவைப் பெற உதவுதல் ஆகிய மூன்றும் அவர்கள் கடமை.

முடிவாக ஒன்று. உப்பிட்டும் புகையூட்டியும் பதனிட்ட இறைச்சியை, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015-ஆம் வருஷத்தில் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகுப்பிற் சேர்த்திருக்கிறது. ஆகவே இது நாள்தோறும் வயிறு நிறைய உண்ணும் உணவாகாது. கருவாடும் ஊறுகாயும் போலத் தொட்டுக்கொள்ளும் பண்டமாகவே இருக்கட்டும். அவ்வளவில் நிறுத்தி, பீப்பாயின் பூர்வ சரித்திரத்தை விசாரித்து, தீயை மீனிலிருந்து பிரித்து, உப்பையும் வெப்பமானியையும் கைவிடாமல் செய்வோமாயின், வீணாகும் மீன் விலையாகும். மழை மாதங்கள் வருமுன் ஒரு குழுவேனும் இம்முயற்சியைத் தொடங்கிப் பலனை நமது பத்திரிகைக்கு எழுதியனுப்புவார்களாக.